ஒரே நாளில் மூடிய கிணறு

கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி, சமயபுரம் போகும் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் இப்போது நீங்கள் பார்க்கிற நகர்கள் எல்லாம் ஒரு காலத்தில் வாழைத்தோப்பு. அவற்றில் ஐந்து நகர்களுக்குக் கல் நட்டவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. மண்சட்டி தூக்கியதில் ஆரம்பித்து, லாரி ஓட்டி, லாரி வாங்கி, பிறகு தோப்புகளை வாங்கி மனை பிரித்து விற்றேன். ஒரு நிலத்தை அளக்க இன்ஜினீயர் அரை நாள் எடுத்துக்கொள்வார். நான் ஒரு நடை நடந்து வந்து சொன்னால் அரை அடி வித்தியாசம் வராது. பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொன்னாலும் தப்பில்லை, உண்மைதானே.

எங்கள் பகுதிக்கு அரசு உயர்நிலைப்பள்ளி வரப்போகிறது என்று தெரிந்ததும் எல்லோரும் என் வீட்டுக்குத்தான் வந்தார்கள். காரணம், பள்ளி கட்டப்போகும் இடம் என் மனைப்பிரிவில் நான் விட்ட இடம். மனை பிரித்தால் பொது உபயோகத்துக்கு ஒரு பகுதியை விட்டாக வேண்டும். விட்டேன். பல வருஷம் அதில் சீமைக்கருவேலம்தான் வளர்ந்தது. அதற்குள் சுற்றிலும் வீடுகள் நிறைந்துவிட்டன. ஐந்தாவது முடித்த பிள்ளைகள் பஸ் பிடித்துச் சத்திரம் பேருந்து நிலையம் வரை போய், அங்கிருந்து நடந்து பள்ளிக்குப் போனார்கள். நெரிசலுக்குப் பயந்தே பல பெண் பிள்ளைகளை வீட்டில் நிறுத்தினார்கள். மனு மேல் மனு போட்டு ஒருவழியாகப் பள்ளிக்கு உத்தரவு வந்தது.

புதிதாக நியமிக்கப்பட்ட தலைமையாசிரியை என்னைப் பார்க்க வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஸ்கூட்டரில் வந்து, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடியே பேசுகிறவர்.

“ஐயா, கல்வெட்டுல ‘நிலம் வழங்கியவர்’னு உங்க பேரைப் போடணும்னு பெத்தவங்க எல்லாம் சொல்றாங்க. உங்களுக்குச் சம்மதமா?”

“போடுங்க மேடம். எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிசா இருக்கட்டும். எனக்குக் கண்ணாடி இல்லாமப் படிக்க வரணும்.”

அவர் சிரித்தார். அன்று ராத்திரி நான் இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் பெயர் ஒரு உயர்நிலைப்பள்ளிச் சுவரில். இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்?

தினமும் காலையில் கட்டடம் பார்க்கப் போக ஆரம்பித்தேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். வகுப்பறைகளுக்குத் தூண் எழும்பி, சுவர் இடுப்பு உயரம் வந்திருந்த சமயம். ஒருநாள் நடு அறைக்குள் ஒரு வயதான அம்மா நின்றுகொண்டிருந்தார். எண்பதுக்கு மேல் இருக்கும். பக்கத்தில் ஒரு எவர்சில்வர் குடம். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தார். கொஞ்சம் முன்னால் குனிந்து, இரண்டு கையாலும் வெறும் காற்றை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருந்தார்.

வாட்ச்மேன் ஓடி வந்தான். “அம்மா, இங்க வராதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? கம்பி குத்திடும், போங்க.” பிறகு என்னிடம், “தெனமும் வருது சார். எதுத்த வீதியில மகன் வீட்ல இருக்கு. புத்தி கலங்கிப்போச்சு. தண்ணி எடுக்க வந்தேங்குது. தொட்டியில புடிச்சுக்குங்கன்னா, இது வேணாம் அந்தத் தண்ணிதான் வேணுங்குது. எந்தத் தண்ணியோ!”

அந்த அம்மா காலிக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தார். காலிக் குடத்தை நாம் எப்படித் தூக்குவோம்? கழுத்தைப் பிடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு போவோம். அவர் அப்படித் தூக்கவில்லை. இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து, மறு கையை வீசி, தளும்பாமல் பார்த்துப் பார்த்து அடி வைத்தார். நிறைகுடம் தூக்கும் நடை அது. என்னைத் தாண்டும்போது நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்:

“ஒதுங்கிக்கங்க தம்பி. மேல படும்.”

அந்தக் குரலில்தான் எனக்கு ஆள் அடையாளம் தெரிந்தது. 

அவர் நின்ற இடத்தில் ஒரு கிணறு இருந்தது. அது அந்த அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அங்கே நின்ற வேறு யாருக்கும் தெரியாது.

அந்தத் தோப்பை நான் வாங்கியது அவரிடம்தான். இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. வீட்டுக்காரர் இறந்துபோய், பிள்ளைகள் விற்றுவிடலாம் என்று சொல்லி, அவரும் கையெழுத்துப் போட்டார். பத்திரம் முடிந்த மறுநாள் நான் ஆட்களோடு தோப்புக்குப் போனபோது, அந்த அம்மா கிணற்றடியில் கடைசிக் குடம் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். செங்கல் வட்டம் கட்டின கிணறு. எட்டடி அகலம் இருக்கும். ஆழம், நான் எட்டிப் பார்த்தபோது என் முகமே தெரியவில்லை, அவ்வளவு.

“தம்பி, நான் வேற எதுவும் கேக்கல. கிணத்தை மட்டும் சும்மா மூடிடாதீங்க. ஒரு வெளக்கு ஏத்தி, இன்ன காரியத்துக்காக மூடுறோம், பொறுத்துக்கன்னு வாய்விட்டுச் சொல்லிட்டு மூடுங்க. எங்க வீட்ல அப்படித்தான் செய்வாங்க. சொல்லாம மூடினா அது வாயைத் தொறந்துக்கிட்டேதான் இருக்கும்.”

“அக்கா, கிணத்துக்குக் காது இருக்கா என்ன?” என்றேன். ஆட்கள் கொல்லென்று சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, “ஒதுங்கிக்கங்க தம்பி, மேல படும்” என்று சொல்லிவிட்டு நடந்தார். நான் ஒதுங்கவில்லை. கொஞ்சம் தண்ணீர் தளும்பி என் வேட்டியில் விழுந்தது.

கிணறு மூடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. அடியில் கல் போட வேண்டும். அதன் மேல் மணல். தண்ணீர் விட்டு அது இறுகின பிறகு மறுபடி கல், மறுபடி மணல். பத்து நாள் வேலை. என்னிடம் பத்து நாள் இல்லை. மனை கேட்டு ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அதே நாளில் தோப்பையும் அழித்துக்கொண்டிருந்தோம். தார் வெட்டின மரங்கள் மலை மாதிரி குவிந்து கிடந்தன. வெட்டின வாழைமரம் பிணக்கனம் கனக்கும். அப்புறப்படுத்த லாரி வேண்டும். ஒரு பக்கம் தூக்கிப்போட இடமில்லாத மரம், இன்னொரு பக்கம் நிரப்பப் பொருளில்லாத கிணறு. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ஒரு பீடி குடிக்கிற நேரம் ஆனது. “தள்ளுங்கடா உள்ள” என்றேன். மத்தியானத்துக்குள் கிணறு கழுத்து வரை நிரம்பிவிட்டது. மேலே செம்மண் கொட்டி, டிராக்டரை இரண்டு தடவை ஏற்றி இறக்கினோம். காலையில் கிணறு, சாயங்காலம் மைதானம். இதைப் பல வருஷம் நான் ஒரு சாமர்த்தியமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மனைப்பிரிவுக்கு வரைபடம் போட்டவர், “கிணறு ஏதும் இருக்கா?” என்று கேட்டார். “இருந்துச்சு, இப்ப இல்ல” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அந்த மூலையை மனையாக விற்றால் வீடு கட்டுகிறவன் நாளைக்கு வந்து சட்டையைப் பிடிப்பான் என்பது எனக்குத் தெரியும். அதனால் அந்த மூலையைத்தான் பொது உபயோகத்துக்கு விட்டேன். எல்லோரும் நான் கொடுத்த இடம் என்று சொல்கிற இடம் அதுதான்.

வாழைத்தோப்பில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், வாழைமரம் மரமே இல்லை, பட்டை பட்டையாகச் சுற்றி வைத்த தண்ணீர் என்று. ஒரு மழைக்காலம் போதும், அத்தனையும் கரைந்து உட்கார்ந்துவிடும். மேலே இருக்கிற மண் மட்டும் மூடி மாதிரி நிற்கும். சீமைக்கருவேலம் வேர் அதை இத்தனை வருஷம் வலை மாதிரி பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. பள்ளிக்காக வேரைப் பிடுங்கினார்கள். மண் பரிசோதனைக்கு மூன்று இடத்தில் துளை போட்டார்கள், மூன்றும் நல்ல மண்ணில் விழுந்தது. தூண் குழிகளும் கிணற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக விழுந்துவிட்டன. கிணறு நடுவில் பத்திரமாக இருந்தது.

இது எல்லாம் அன்று காலையில், அந்த அம்மா குடத்தோடு போன பிறகுதான் எனக்கு ஒன்றன் பின் ஒன்றாக நினைவுக்கு வந்தது. சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சொன்னால் கல்வெட்டு? நாளைக்குச் சொல்லலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நாளைக்கு, நாளைக்கு என்று தரையே போட்டுவிட்டார்கள். நல்ல சித்திரை வெயில். மற்ற அறைகளில் தரை காய்ந்து வெள்ளையாகிவிட்டது. நடு அறையில் மட்டும் ஒரு வட்டம் காயவில்லை. கறுப்பாக, ஈரமாக, கோடு கிழித்த மாதிரி வட்டம். நான் போகும்போதெல்லாம் அந்த அம்மாவும் அங்கே இருந்தார். வாட்ச்மேன் விரட்டுவதை விட்டுவிட்டான். கதவு போட்ட பிறகு அவர் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று, உள்ளே அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். வட்டத்துக்குள் அவர் ஒரு நாளும் கால் வைத்ததில்லை என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. எப்போதும் ஓரத்தில்தான் நின்றிருக்கிறார்.

அந்த அறையில் அடித்த ஒரு வாடை என்னோடு வீட்டுக்கு வந்தது. அழுகின வாழைப்பட்டையின் புளித்த வாடை. சட்டையில், கையில், சோற்றில். இலை போட்டால் சாப்பிட முடியவில்லை.

“என்னங்க, இலையை மோந்து மோந்து பாக்குறீங்க?” என்றாள் என் மனைவி.

“வாடை அடிக்கலையா உனக்கு?”

“இப்பதான் நறுக்கிட்டு வந்த இலை. உங்களுக்குத்தான் என்னமோ ஆயிருக்கு.”

மின்விசிறி சுற்றினால் அது கிணற்று ராட்டினம் மாதிரி கிறீச்சிட்டது. ஆள் வைத்து எண்ணெய் போட்டேன். வந்தவன், “இது சத்தமே போடலையே சார்” என்று சொல்லிவிட்டுப் போனான். பட்டப்பகலில் ஹாலில் உட்கார்ந்திருப்பேன், தலைக்கு மேலே யாரோ இறைத்துக்கொண்டே இருப்பார்கள். வாளி மட்டும் மேலே வராது.

பள்ளி திறக்கப் பதினைந்து நாள் இருக்கும்போது தலைமையாசிரியை என்னை அழைத்துப்போய் எல்லாம் காட்டினார். பெயிண்ட் வாசனையோடு எல்லா அறையும் பளிச்சென்று இருந்தது. நடு அறைக்கு வந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“இதுதாங்க ஐயா ஆறாம் வகுப்பு. அட்மிஷனுக்கு இவ்வளவு பேர் வருவாங்கன்னு நானே நினைக்கல. பாதிக்கு மேல பொண்ணுங்க. அதுங்களை முன்னாடி உக்கார வைக்கப் போறேன்.”

முன் பெஞ்சு சரியாக அந்த வட்டத்தின் மேல் கிடந்தது. நான் கைத்தடியால் தரையைத் தட்டினேன். சுவரோரம் ‘டக்’ என்றது. பெஞ்சுக்குப் பக்கத்தில் ‘தொம்’ என்றது.

“காலி ரூம் பாருங்க, எதிரொலிக்குது” என்றார் அவர்.

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? மண்சட்டி தூக்கியதில் ஆரம்பித்து, நான் முன்னுக்கு வந்த கதையை ஒரு மணி நேரம் அவருக்குச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், “இதைத் திறப்பு விழாவுல பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க ஐயா” என்றார். தயாராகிவிட்ட கல்வெட்டையும் காட்டினார். கறுப்புக் கல்லில் பொன் எழுத்து. கண்ணாடி இல்லாமலே என் பெயரைப் படித்தேன்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பத்தெட்டு வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

“ஊரையே கூப்பிட்டு வச்சுப் பேசுற வாய்க்கு இதை மட்டும் பேச வரலையாக்கும்?”

“சொன்னா கல்வெட்டு போயிடும்டி.”

“நம்ம பேரப்புள்ளைங்க எல்லாம் இங்கிலீஷ் மீடியத்துல ஏசி பஸ்ல போகுது. அங்க உக்காரப்போறது யாரோ பெத்த புள்ளை. அதான் உங்களுக்குச் சோறு எறங்குது.”

“எறங்கலையே. நீதான் பாக்குறியே.”

“அப்ப எந்திரிச்சுப் போங்க. கை கழுவிட்டு இப்பவே போங்க.”

போனேன். விஷயத்தைக் கேட்டதும் தலைமையாசிரியை உடனே இன்ஜினீயரை வரவழைத்தார். அவர் வரைபடத்தை மேஜையில் விரித்து, நான்கு பக்கமும் தேடிவிட்டு, “இதுல கிணறே இல்லையே சார்” என்றார்.

“இதுல இருக்காது. நான்தான் போட விடல.”

“சரி, எந்த இடம்? காட்டுங்க. சும்மா எல்லா ரூமையும் உடைக்க முடியாது.”

ஈரவட்டத்தைக் காட்டலாம் என்று நடு அறைக்குப் போனோம். தரை முழுக்கக் காய்ந்திருந்தது. ஒரே வெள்ளை. தடியால் தட்டினேன். தட்டினேன். எல்லா இடமும் ஒரே மாதிரி கேட்டது. ஒருவேளை பக்கத்து அறையோ? கிணற்றுக்கு அடையாளம் வைத்திருந்த தென்னை இல்லை, மோட்டார் ரூம் இல்லை, வரப்பு இல்லை. ஒரு நடையில் நிலத்தை அளக்கிறவன் நான், அந்த மூன்று அறைக்குள் திசை தெரியாமல் சுற்றினேன். இன்ஜினீயர் என் வயதைப் பார்த்தார். பிறகு தலைமையாசிரியையைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். எதிர்வீதி அம்மாவை எல்லோரும் அப்படித்தான் பார்த்தார்கள்.

நானே போய் அவரைக் கூட்டிவந்தேன்.

“அக்கா, தண்ணி எடுக்கப் போவலாமா?”

“இரு தம்பி, கொடத்தை எடுத்துக்கறேன்.”

பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு எல்லோரும் சுவரோரம் நின்றோம். அந்த அம்மா நடு அறைக்குள் வந்தார். ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. நேராக நடந்து, ஓர் இடத்தில் சட்டென்று நின்றார். குடத்தை இறக்கி வைத்தார். முந்தானையைச் செருகினார். இல்லாத கயிற்றை இறக்கினார். இறக்கினார், இறக்கிக்கொண்டே இருந்தார்.  பிறகு கையை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“தண்ணி ரொம்பக் கீழ போயிடுச்சு தம்பி. கயிறு எட்டல.”

 இன்ஜினீயர் சாக்பீஸை எடுத்து அந்த அம்மாவின் கால் விரலுக்கு முன்னால் ஒரு கோடு போட்டார்.

மறுநாள் காலை ஆட்கள் அங்கே தரையை உடைத்தார்கள். கான்கிரீட்டுக்குக் கீழே ஒரு முழம் செம்மண். அதற்குக் கீழே ஒன்றுமில்லை. கடப்பாறை கையை விட்டு நழுவி உள்ளே போனது. அது போய் விழுந்த சத்தம் கேட்க நேரம் ஆனது. அந்தப் புளித்த வாடை மேலே வந்து அறையை நிறைத்தது. இந்த முறை எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள்.

“இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்” என்றார் இன்ஜினீயர். தலைமையாசிரியை முன் பெஞ்சைப் பிடித்து, தானே தனியாக வராண்டாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். அவர் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கிணற்றை நான்தான் மூடினேன். என் ஆட்கள், என் லாரி. இந்த முறை, முறைப்படி. முதலில் அடியில் கல் போட வேண்டும். கற்களை இறக்க ஆரம்பித்தபோது நான் தலைமையாசிரியையிடம் அந்தக் கல்வெட்டைக் கேட்டேன். அவர் எடுத்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு பேர் கயிறு கட்டி அதை உள்ளே இறக்கினார்கள். பொன் எழுத்து கொஞ்ச தூரம் மின்னியது, பிறகு தெரியவில்லை. இந்த ஜில்லாவில் அவ்வளவு ஆழத்தில் பெயர் வெட்டி வைத்திருப்பவன் நான் ஒருவன்தான்.

அதற்கு முன்பே விளக்கு ஏற்றிவிட்டேன். மனைவி அகலும் திரியும் கொடுத்தனுப்பியிருந்தாள். ஏற்றிவிட்டு வாயைத் திறந்தால் வார்த்தை வரவில்லை. எனக்கு! பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, “பிள்ளைங்க படிக்கிறதுக்காக மூடுறோம், பொறுத்துக்க” என்றேன். என் குரல் கீழே போய், கொஞ்சம் தாமதமாக, வேறு யாருடைய குரலாகவோ திரும்பி வந்தது. நிமிர்ந்தால் வாசலில் அந்த அம்மா.

“சொல்லிட்டீங்களா தம்பி?”

“சொல்லிட்டேன்க்கா.”

“என்ன சொல்லுச்சு?”

நான் குனிந்து விளக்கின் திரியைத் தூண்டிவிட்டேன். 

பத்து நாளில் முடிந்தது. திறப்பு விழாவில் நான் மேடை ஏறவில்லை, பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஆறாம் வகுப்பை இரண்டு வாரம் வராண்டாவில் நடத்திவிட்டு, தரை இறுகின பிறகு உள்ளே விட்டார்கள். இப்போது முன் பெஞ்சில் பெண் பிள்ளைகள் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்கிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்கிறது. அவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்து நான் போய்த் தடியால் தட்டிப் பார்த்திருக்கிறேன். ‘டக்’ என்றுதான் சொல்கிறது. வீட்டில் மின்விசிறியும் சும்மா இருக்கிறது. இலையில் சாப்பிடுகிறேன்.

அந்த அம்மா மட்டும் இன்னும் வருகிறார். தலைமையாசிரியை சொல்லிவைத்திருப்பதால் வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிடுகிறான். வகுப்பு நடக்கும்போது உள்ளே போகமாட்டார். ஜன்னலுக்கு வெளியே குடத்தை வைத்து, குனிந்து, இழுப்பார். முன்பு மாதிரி வெகுநேரம் இல்லை. சீக்கிரமே முடித்துவிடுகிறார். போன வாரம் நான் வராண்டாவில் நின்றுகொண்டிருந்தேன். குடத்தை இடுப்பில் ஏற்றி, ஒரு பக்கம் சாய்ந்து, மெதுவாக வந்தார்.

“எட்டிடுச்சு தம்பி” என்றார். “ஒதுங்கிக்கங்க, மேல படும்.”

வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றேன். அவர் கேட்டைத் தாண்டிப் போகும் வரை நின்றேன். பிறகு, அவர் நடந்து போன வழியில், வராண்டாத் தரையில் எங்காவது ஈரம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே போனேன்.